ஷேகி பாப் வெட்டப் போகிறவர்களுக்கு: ஸ்ட்ரெய்ட்னரைக் கையில் எடுத்தால் தடுத்து நிறுத்துங்கள்

அலை அலையான, அடர்த்தியான முடி உள்ள பெண்கள் ஷேகி பாப் வெட்டிக்கொள்ள சலூனுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு சலூனில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் இன்னும் முழுதாக முடியாததால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் இதே முறையில் வேறு வேறு கடைகளில் ஏமாந்தவர்கள் பலர் என்று பேசிப் பார்த்தபோது தெரிந்தது. முதலில் முடியைக் கெடுக்கிறார்கள். அப்புறம் கெட்ட முடிக்கு வைத்தியம் என்று ஒன்றை விற்கிறார்கள்.

இந்த வெட்டில் ஏமாற்றுவது ஏன் இவ்வளவு சுலபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாப் என்பது தாடைக்கும் தோளுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் வெட்டு. 1960களில் லண்டனில் விடால் சசூன் அதைக் கோடு பிசகாத கூர்மையோடு வெட்டிப் புகழ்பெற்றார். ஷேக் என்ற வெட்டு அதற்கு நேர் எதிர். உச்சியில் குட்டையாகத் தொடங்கி, கீழே போகப் போக நீளமாகி, ஓரங்கள் பிரிந்து பிரிந்து நிற்கும். நியூயார்க்கைச் சேர்ந்த முடிதிருத்துநர் பால் மெக்ரெகர் ஜேன் ஃபோண்டாவுக்கு அப்படி வெட்டிவிட, 1971இல் வெளியான படத்தில் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் கேட்டு வெட்டிக்கொண்டார்கள். இந்த இரண்டும் கலந்ததுதான் ஷேகி பாப். கலைந்த தோற்றம்தான் அழகே. சாதாரண பாப்பில் ஒரு பக்கம் ஏறி இறங்கியிருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஷேகி பாப்பில் கோணல்மாணலாக வெட்டிவிட்டு, "இதுதான் மேடம் ஸ்டைலே" என்று சொல்லிவிடலாம். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

எனக்கு இடுப்பைத் தொடும் பின்னல் இருந்தது. வருடக்கணக்காக யோசித்து, நன்றாகத் தீர்மானித்துத்தான் வெட்டப் போனேன். வாசல் பலகையில் பெண்களுக்கான ஹேர்கட் "700 ரூபாய் முதல்" என்று இருந்தது. அந்த "முதல்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும். உட்கார வைத்த நாற்காலி "சீனியர் ஸ்டைலிஸ்ட்" நாற்காலி, அதற்கு 1,400 ரூபாய் என்பது பில் வந்த பிறகுதான் தெரியும்.

நான் காட்டிய படத்தில் இருந்த பெண்ணுக்கு மெல்லிய, நேரான முடி. எனக்கு இருப்பது கனமான, அலையான முடி. ஒரே வெட்டு இரண்டிலும் இரண்டு விதமாக நிற்கும் என்பது தொழில் தெரிந்தவர் சொல்ல வேண்டிய முதல் விஷயம். அந்த ஸ்டைலிஸ்ட் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "பண்ணிடலாம் மேடம், உங்க முகத்துக்கு சூப்பரா இருக்கும்" என்றார். என் முடியை உலர்ந்த நிலையில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுழி எங்கே இருக்கிறது, வாரம் எத்தனை முறை தலைக்குக் குளிக்கிறேன், ஸ்கூட்டர் ஓட்டி ஹெல்மெட் போடுகிறேனா, எதையும் கேட்கவில்லை. ஹெல்மெட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஷேக் வெட்டின் உயிரே உச்சியில் எழும்பி நிற்கும் லேயரில், அதாவது அடுக்கடுக்காக வெட்டிய முடியில், இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் ஹெல்மெட் போட்டால் அது படுத்துவிடும்.

பின்னலை ரப்பர் பேண்டு போட்டு அப்படியே வெட்டி எடுத்து, ஒரு டிராயரில் வைத்தார். அப்புறம் தலை அலசும் இடத்தில் உதவிக்கு இருந்த பையன், "முடி ரொம்ப டிரையா இருக்கு மேடம், ஒரு மாஸ்க் போட்டுடறேன்" என்றான். விலை எதுவும் சொல்லவில்லை. அலசுவதோடு சேர்ந்தது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

வெட்டியது ஈரமாக இருக்கும்போது. ஈர முடி இழுத்தால் நீளும், உலர்ந்ததும் சுருங்கும். அலை முடியில் இந்தச் சுருக்கம் இன்னும் அதிகம். ஈரத்தில் கன்னத்து எலும்பு வரை இருந்த லேயர் உலர்ந்ததும் புருவத்துக்கு மேல் போய்விடும். அதனால்தான் அலை முடிக்கும் சுருட்டை முடிக்கும் உலர்ந்த நிலையில், அல்லது குறைந்தது கடைசி லேயர்களையும் முன்முடியையும் உலர்த்திய பிறகு வெட்ட வேண்டும் என்கிறார்கள். இவரோ ஈரத்திலேயே ரேசரால் வழித்துக்கொண்டு போனார். நேரான முடியில் நல்ல கூரான ரேசர் அழகாக வேலை செய்யும், ஷேக் வெட்டுக்கே பெயர்பெற்ற கருவி அது. ஆனால் அலை முடியில், அதுவும் மழுங்கிய பிளேடில், நுனி சீவியதுபோல் ஆகிவிடும். சீவிய நுனிதான் சீக்கிரம் பிளக்கும், பறக்கும்.

அதோடு விடவில்லை. "அடர்த்தி ஜாஸ்தியா இருக்கு" என்று பல் வைத்த தின்னிங் கத்தரியை எடுத்து வேருக்குப் பக்கத்திலேயே கொத்திவிட்டார். இதை நான் இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், நம் ஊரில் அடர்த்தியான முடியைக் கண்டாலே இந்தக் கத்தரியைத்தான் எடுக்கிறார்கள். வேரருகில் வெட்டுப்பட்ட முடிகள் குட்டையாக, விறைப்பாக நின்று மேலே உள்ள நீள முடியைத் தூக்கிவிடும். அடர்த்தியைக் குறைக்கச் செய்த வேலை பரட்டையாகத்தான் முடியும். கனத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கத்தரி நுனியால் செங்குத்தாகக் கொத்தி வெட்டும் பாயிண்ட் கட்டிங் இருக்கிறது. அதையும் முடியின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் செய்ய வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். வெட்டி முடித்ததும் உருளை பிரஷ் வைத்து ப்ளோ டிரை, அதன் மேல் ஸ்ட்ரெய்ட்னர், நுனியில் இரண்டு வளைவு, ஒரு ஸ்ப்ரே. கண்ணாடியில் அச்சு அசலாகப் படத்தில் இருந்த பெண்ணின் தலை. சலூனின் சமூக வலைப் பக்கத்தில் போட ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். எப்படி வெட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் நாம் பார்ப்பது வெட்டை அல்ல, சூட்டில் இழுத்துவிட்ட முடியை. வீட்டில் முதல் முறை தலைக்குக் குளித்ததும் உண்மை வெளியே வந்தது. உச்சி முழுக்கக் குத்திட்டு நின்றது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் மெலிந்து, இடது பக்கம் வலதைவிட விரற்கடை நீளமாகத் தொங்கியது. முன்முடி நெற்றிச் சுழியில் பிளந்து ஒரே பக்கமாக ஏறிக்கொண்டது.

திரும்பப் போய்க் காட்டினேன். மேனேஜர் வெட்டைப் பார்க்கவே இல்லை, என் முடியைத்தான் குறை சொன்னார். "உங்க முடி நேச்சரே அப்படி மேடம். ஸ்மூத்தனிங் பண்ணினாதான் இந்தக் கட் நிக்கும். 8,500 ஆகும், உங்களுக்காக 6,999 போட்டுத் தர்றேன்." எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அலையும் எழுச்சியும் இருந்தால்தான் ஷேகி பாப். அதை ரசாயனம் போட்டுத் தட்டையாக்கினால் லேயர்கள் படிப்படியாகத் துண்டு துண்டாகத் தெரியும், வெட்டு செத்துவிடும். தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

ஸ்மூத்தனிங்குக்குப் போடும் கிரீம் விஷயத்தையும் சொல்ல வேண்டும். "ஃபார்மால்டிஹைட் இல்லாதது மேடம்" என்று டப்பாவைக் காட்டினார். சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைட் வாயுவை விடும் நேராக்கும் கிரீம்கள் பல உண்டு, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதைத் தவிர்க்க வந்த கிரீம்கள் பலவற்றில் இருப்பது கிளையாக்சிலிக் அமிலம். 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார்கள். முடி நேராக்கிக்கொண்ட மூன்று முறையும் அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிரீமில் இந்த அமிலம் 10% இருந்தது. எலிகளில் பூசிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. செய்துகொள்ளும் எல்லோருக்கும் இது வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டப்பாவில் "இல்லை" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல் என்ன இருக்கிறது என்று படியுங்கள். உச்சந்தலையில் எரிச்சல் வந்தால் உடனே கழுவச் சொல்லுங்கள்.

பில்லுக்கு வருகிறேன். ஹேர்கட் 1,400. "டெக்ஸ்சர் ரிப்பேர்" என்று ஒன்று 2,800, அந்த மாஸ்க்தான் அது. வாஷ், ப்ளோ டிரை 600. மொத்தம் 4,800, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 864. கையில் கொடுத்தது 5,664 ரூபாய். சலூன் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5% தான். எனக்கு வெட்டியது அதற்குப் பிறகு. நியாயமாக வரி 240 ரூபாய், 624 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். உங்களிடம் பழைய சலூன் பில் இருந்தால் தேதியையும் வரியையும் ஒருமுறை பாருங்கள்.

பின்னலைக் கேட்டபோது, "க்ளீன் பண்றப்ப போயிடுச்சு மேடம்" என்று பதில் வந்தது. அம்மாவுக்குச் சவுரி கட்டித் தர வைத்திருந்தேன். நுனியும் வேரும் ஒரே திசையில் இருக்க, கட்டாக வெட்டிய நீளமான முடியை வியாபாரிகள் ரெமி என்பார்கள், விக் செய்ய அதற்குத்தான் நல்ல விலை. ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக டிராயரில் வைத்த ஒன்று குப்பையோடு போனது என்பதை நான் நம்பவில்லை. நீள முடியை வெட்டுகிறவர்கள் முதல் கத்தரி பட்டதும் பின்னலைக் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்து எங்கள் தெருவில் சின்னப் பார்லர் நடத்தும் அக்காவிடம் போனேன். அவர் முடியைச் சீவாமல், விரலால் கோதிப் பார்த்துவிட்டு, "இப்போ எதுவும் பண்ணாதீங்க. இடது பக்க நீளத்தை மட்டும் சரி பண்றேன், உச்சி வளரட்டும்" என்றார். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1.25 செ.மீ. தான் வளரும். சரிசெய்கிறேன் என்று இன்னும் வெட்டினால் வளர வேண்டிய தூரம்தான் கூடும். அவர் சொன்னதும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து, வெட்டப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை இவை. மிகக் குட்டையான லேயர் எங்கே முடியும் என்று முகத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடர்த்தியான அலை முடிக்கு அது கன்னத்து எலும்புக்குக் கீழே இருப்பது நல்லது. மொத்த நீளத்தை நினைத்ததைவிட இரண்டு விரல் கூடுதலாக விடச் சொல்லுங்கள். முன்முடியைக் கடைசியில், உலர்ந்த பிறகு, சுழி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். உங்களைப் போன்ற முடி உள்ள பெண்ணின் படத்தைக் கொண்டு போங்கள். முடிந்ததும் ஸ்ட்ரெய்ட்னர் வேண்டாம், அப்படியே காய விடுங்கள் என்று சொல்லுங்கள். நல்ல வெட்டு அப்படிக் காய்ந்தாலும் வடிவத்தில் உட்காரும். "டைம் ஆகும் மேடம்" என்று மறுத்தால், அங்கேயே உட்கார்ந்து காய வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.

நன்றாக அமைந்தால் இந்த வெட்டைப் பராமரிப்பது கடினமில்லை. துவாலையால் தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் பிழிந்து, ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் மூஸ் (முடிக்குப் போடும் நுரை) தடவி, கீழிருந்து மேலாகக் கையில் கசக்கி விட்டால் போதும். உலர்ந்த பிறகு சீப்பு படக் கூடாது. சீ சால்ட் ஸ்ப்ரே என்ற உப்புத் தண்ணீர் ஸ்ப்ரேயை வாங்கச் சொல்வார்கள். சென்னையின் போர்வெல் உப்புத் தண்ணீரில் அலசும் முடிக்கு அது மேலும் வறட்சிதான், மூஸே போதும். எட்டு பத்து வாரத்துக்கு ஒருமுறை ஓரம் வெட்ட வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புகார் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கொடுத்தேன். பில், வெட்டும் முன் எடுத்த படம், குளித்த பிறகு எடுத்த படம், பணம் செலுத்திய பதிவு எல்லாம் கேட்டார்கள். மாஸ்க்குக்கான தொகையையும் கூடுதல் வரியையும் சலூன் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெட்டுக்கும் பின்னலுக்கும் இன்னும் பதில் இல்லை, அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஆதாரத்தைச் சேர்த்து வைப்பதில் கவனமாக இருங்கள். டெல்லியில் ஒரு ஓட்டல் சலூனில் சொன்னதற்கு மாறாக முடியைக் குட்டையாக வெட்டிய வழக்கில் 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவையில் குறை இருந்தது என்ற முடிவில் தலையிடாமல், இழப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி அந்தத் தொகையை ரத்து செய்து, வழக்கை அந்த ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. வெட்டும் முன் உலர்ந்த முடியை முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். தலையில் எதைத் தடவ வந்தாலும், தடவும் முன் எவ்வளவு என்று கேளுங்கள்.