வாடகைக்கு விட்ட வீடு: பன்னிரண்டு வருடத்தில் எது நின்றது, எது உரிந்தது

சென்னைப் புறநகரில் முடிச்சூர் பக்கம் எங்கள் வீடு. மேலே நாங்கள், கீழே இரண்டு போர்ஷன், ஒவ்வொன்றும் அறுநூறு சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. 2012இல் முதல் குடித்தனம் வந்தது. அதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் கீழே என்னென்ன செய்தேன், எதில் காசு போனது, எது இன்னும் உழைக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன். கட்டி முடித்த ஆறு மாதத்தில் "சூப்பர்" என்று சொல்வதில் அர்த்தமில்லை, எல்லாமே ஆறு மாதத்துக்கு சூப்பராகத்தான் இருக்கும்.

முதல் தடவை நான் செய்தது முழுக்க ஆசையில் செய்தது. ஹாலில் ஒரு சுவருக்கு மெரூன் நிறத்தில் டெக்ஸ்சர் பெயிண்ட், மற்ற சுவர்களுக்கு மெழுகு மாதிரி பட்டி (பெயிண்ட்டுக்கு முன்னால் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) பார்த்துப் பளபள எமல்ஷன், சமையலறையில் பிளைவுட் கப்போர்டு, டிவி வைக்க ஒரு மர யூனிட், பாத்ரூமுக்கு நல்ல குரோம் குழாய், ஷவர். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், வாடகையை மட்டும் ஐநூறு ரூபாய்கூட ஏற்றித் தர மாட்டேன் என்றார்கள். டெக்ஸ்சர் சுவரின் பள்ளத்தில் எல்லாம் தூசி உட்கார்ந்தது. அதைத் துடைக்கவும் முடியாது, ஓர் இடத்தில் அடிபட்டால் அந்த இடத்துக்கு மட்டும் டச்சப் செய்யவும் முடியாது. மூன்றாவது வருடம் ஒருவர் சோபாவை இழுத்து உரசிவிட்டுப் போனார், அவ்வளவுதான், முழுச் சுவரும் போச்சு.

அப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் பகுதி எப்படி இருந்தது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். கீழே இடுப்பளவுத் தண்ணி, மூன்று நாள் நின்றது. குடியிருந்தவர்கள் எங்களோடு மாடியில்தான் இருந்தார்கள். தண்ணி வடிந்து, சேறு அள்ளி முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது, வாடகை வீட்டில் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று. பிளைவுட் எல்லாம் ஊறி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. டிவி யூனிட் கதவைத் திறந்தால் கையோடு வந்தது. பெட்ரூம் ஃபிளஷ் கதவு இரண்டும் உப்பிக்கொண்டு நிலையில் உட்காரவே இல்லை. ஆனால் சமையலறையில் கொத்தனார் சும்மா சொருகிவிட்டுப் போன கடப்பா கல் ஷெல்ஃப், எவர்சில்வர் சிங்க், தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், கருப்பு கிரானைட் மேடை எல்லாம் ஒரு வாளித் தண்ணி ஊற்றிக் கழுவினதும் பழையபடி நின்றன.

அப்போது நான் செய்த பெரிய தப்பு, அவசரப்பட்டது. வாடகை நின்றுவிட்டதே என்று 2016 ஜனவரியிலேயே பட்டி, ப்ரைமர், இரண்டு கோட்டு எமல்ஷன் எல்லாம் அடித்து முடித்துவிட்டேன். சுவர் கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது, உள்ளே இருந்த செங்கல் காயவில்லை. ஏப்ரலில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் கொப்புளம், விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உடைந்து உதிர்ந்தது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு வரவேற்பறைச் சுவரில் மட்டும் பழைய பாணியில் கீழே எனாமல் அடித்திருந்தேன், கழுவிக்கொள்ளலாமே என்று. அது இன்னும் மோசம். எனாமல் ஈரத்தை வெளியே விடாது, அதனால் பூச்சோடு சேர்த்துப் பெயர்ந்தது.

எல்லாவற்றையும் சுரண்டிப் பூச்சு தெரிகிற அளவுக்கு எடுத்து, ஏப்ரல், மே இரண்டு மாதமும் கோடை வெயிலில் சன்னலைத் திறந்து போட்டு அப்படியே விட்டேன். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், தண்ணி விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும். ஜூன் கடைசியில், கீழே மூன்றடிக்குப் பட்டியே பார்க்காமல் ப்ரைமர் அடித்து, வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷனை உள்ளே அடிக்கச் சொன்னேன். மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்தார். "சொரசொரன்னு இருக்கும் சார், குடி வரவங்க கேப்பாங்க." ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டு வருடம் ஆகிவிட்டது, 2021 நவம்பரில் மறுபடி முழங்கால் தண்ணி ஒரு நாள் நின்றும்கூட இரண்டே இடத்தில்தான் கொப்புளம் வந்தது. பட்டி என்பது பார்வைக்கு, ஓதம் ஏறும் சுவரில் அதைப் பார்ப்பது காசைத் தண்ணியில் போடுவது. கீழே ஓர் அடி உயரத்தில் இருந்த பிளக் பாயிண்ட்டை எல்லாம் நாலடிக்கு ஏற்றியதும் அந்தச் சமயத்தில்தான், அது அலங்காரம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

பெயிண்ட்டில் நான் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்குப் போனால் எல்லோரும் விலை கூடியதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 2016இல் இடது பக்க போர்ஷனுக்குக் கழுவக்கூடிய உயர்ரக எமல்ஷன், வலது பக்கத்துக்கு மலிவு ரகமான டிராக்டர் எமல்ஷன். லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு விலை வித்தியாசம். நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான். மூன்று வருடம் கழித்து இரண்டையும் பார்த்தேன். பெட்ரூமில், ஹாலின் மேல்பாதியில், சாமி அலமாரிக்கு மேலே, எங்கேயும் வித்தியாசமே சொல்ல முடியவில்லை. விளக்குப் புகை இரண்டிலும் ஒரே மாதிரிதான் படிந்திருந்தது. வித்தியாசம் தெரிந்த இடங்கள் மூன்று: சுவிட்ச் போர்டைச் சுற்றி, கதவு நிலையை ஒட்டிக் கை வைக்கிற இடம், குழந்தைகள் உயரத்துக்குக் கிரேயான் கிறுக்கும் பட்டை. அந்த இடங்களில் உயர்ரகத்தில் ஈரத்துணியால் துடைத்ததும் அழுக்கு மட்டும் போனது, மலிவானது தேய்க்கத் தேய்க்கத் தானும் சேர்ந்து வந்தது.

அதனால் இப்போது என் கணக்கு எளிது. கை படும் இடத்துக்கும் தண்ணி படும் இடத்துக்கும் நல்லது, மற்ற எல்லாவற்றுக்கும் மலிவானது. ஹாலிலும் நடையிலும் நாலடி உயரம் வரை மட்டும் உயர்ரகம், அதற்கு மேலே டிராக்டர், ஒரே ஷேட் நம்பர். மேலேயும் கீழேயும் பளபளப்பில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். நான் பார்ப்பேன், வேறு யாரும் பார்த்ததில்லை. சீலிங்குக்கு வெள்ளை டிஸ்டெம்பர், அதற்கு மேல் அங்கே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

நிறம் என்று வந்தால், தூய வெள்ளை வேண்டாம், முதல் வாரமே அழுக்காகத் தெரியும். அடர்நிறம் வேண்டவே வேண்டாம். நான் பிஸ்கட் நிறத்துக்குக் கொஞ்சம் வெளுத்த ஒரு ஷேடைப் பிடித்து, இரண்டு போர்ஷனுக்கும் எல்லா அறைக்கும் அதையே அடிக்கிறேன். ஷேட் நம்பரைப் பரண் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், அடித்த மாதம் வருடத்தோடு. முன்பு இப்படி எழுதி வைக்காமல், ஷேட் கார்டை வைத்துக் கண்ணால் பார்த்துக் கலக்கி, ஒரே ஹாலில் மூன்று பிஸ்கட் நிறம் வந்த கதை உண்டு. அப்புறம், இரண்டு வருடத்துக்கு மேல் ஆன சுவரில் நடுவில் மட்டும் டச்சப் செய்தால், நம்பர் ஒன்றாகவே இருந்தாலும் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரைக்கும் அந்த ஒரு சுவரை முழுக்க அடித்துவிடுவதுதான் வழி.

ஆணி விஷயம் தனியாக எழுத வேண்டியது. பட்டி பார்த்த சுவரில் கான்கிரீட் ஆணி அடித்துப் பிடுங்கினால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து வரும். முதல் சில வருடம் நானும் "ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் சாவி கொடுத்தேன். யாராவது கேட்பார்களா? காலண்டரை எங்கே மாட்டுவார்கள், தலையிலா? ஒரு குடும்பம் போனபோது ஹாலில் மட்டும் பதினேழு ஆணி எண்ணினேன், அதில் நாலு எதற்கு என்று இன்றுவரை தெரியாது. ஆணிக்குப் பயந்து ஒட்டும் கொக்கி வாங்கினவர்கள் இன்னும் கஷ்டம், அதை எடுத்தால் பெயிண்ட் தோலோடு உரியும்.

அடுத்த தடவை காலியானபோது எலக்ட்ரீஷியனை வைத்து டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்து நானே ஸ்க்ரூ மாட்டிவிட்டேன். வாசலுக்கு எதிரே கடிகாரத்துக்கு ஒன்று, சமையலறை ஓரம் காலண்டருக்கு ஒன்று, சாமி படத்துக்கு வரிசையாக ஐந்து, கண்ணாடிக்கு ஒன்று, கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட ஒரு மரப்பட்டையில் ஆறு கொக்கி, எல்லா சன்னலுக்கும் கர்ட்டன் ராடு. கொடிக்கயிறு கட்ட இரண்டு பக்கமும் வளையம். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்துக் கூலியோடு மூவாயிரத்துச் சில்லறை. அதற்குப் பிறகு வந்த மூன்று குடித்தனத்தில் புதிதாக அடித்த ஆணி மொத்தம் நாலோ ஐந்தோ. வாடகை வீட்டுக்கு நான் செய்த செலவிலேயே இதுதான் லாபம் என்று அடித்துச் சொல்வேன்.

சமையலறையில் மேடைக்கு மேலே இரண்டடி டைல்ஸ் போதாது, தாளிப்பு அதையும் தாண்டிப் போகும். பரண் வரைக்கும் ஒட்டிவிட்டேன். கப்போர்டு இல்லை, கடப்பா ஷெல்ஃபுக்கு அலுமினிய ஃபிரேம் போட்ட கதவு, அவ்வளவுதான். டைல்ஸ் இடைவெளியில் வெள்ளை சிமென்ட் போட்டால் ஆறே மாதத்தில் மஞ்சள், அப்புறம் கருப்பு. அடுப்புக்குப் பின்னாலும் பாத்ரூம் தரையிலும் மட்டும் இடைவெளிக்கு எபாக்ஸி என்ற பிசின் கலவை போட்டேன், கொஞ்சம் விலைதான், ஆனால் ஏழு வருடமாக அப்படியே இருக்கிறது. டைல்ஸ் வாங்கும்போது ஒவ்வொரு வகையிலும் அஞ்சாறு கூடுதலாக வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டுவையுங்கள், அடுத்த வருடமே அந்த டிசைன் கடையில் கிடைக்காது.

பாத்ரூம் கதவுக்கு முதலில் மரக்கதவில் அலுமினியத் தகடு அடித்து வைத்திருந்தேன். தகட்டுக்குப் பின்னால் தண்ணி இறங்கி நாலு வருடத்தில் அடிப்பாகம் மக்கிப் போய்க் கரப்பான் குடியேறியது. அதற்கு மாற்றாக வாங்கிய மலிவு பிவிசி கதவு, மக்கவில்லை, ஆனால் கீல் இருந்த இடம் கழன்று, காற்றில் அடித்துப் பலகை கீறிவிட்டது. இப்போது இருப்பது ஃபைபர் கதவு, நிலையும் மரம் இல்லை, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்கிற டபிள்யூபிசி. ஆறு வருடம் ஆகிறது, கீலுக்கு எண்ணெய் விட்டதைத் தவிர வேறு வேலை இல்லை.

எங்கள் போர் தண்ணி உப்பு. குரோம் குழாய் இரண்டு வருடத்தில் புள்ளி விழுந்து பச்சையாகிவிட்டது, ஷவரின் துளை எல்லாம் அடைத்துக்கொண்டது. இருநூறு ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடுகிறது. ஷவரையே எடுத்துவிட்டேன், இதுவரை யாரும் எங்கே என்று கேட்கவில்லை. பாத்ரூம் சுவர் டைல்ஸ் மட்டும் வழவழப்பானதாக எடுங்கள், ஸ்டிக்கர் பொட்டுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியைச் சுற்றி ஒரு தடவை நாற்பத்திமூன்று பொட்டு இருந்தது. வழவழ டைல்ஸில் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுப் பழைய பிளேடால் சுரண்டினால் வந்துவிடும். மேட் டைல்ஸில் பசை பிடித்தது பிடித்ததுதான்.

ஃபேன், லைட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்இடி டியூப் மாட்டிக் கொடுத்துவிடுங்கள், கரன்ட் பில் அவர்களுடையது என்றாலும் வீடு பார்க்க வரும்போது வெளிச்சமாக இருக்கும்.

பெயிண்ட் செலவு யார் தலையில் என்பது எப்போதும் தகராறுதான். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்ட்டுக்கென்று பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கம், நானும் பல வருடம் பிடித்தவன்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை இதெல்லாம் குடியிருப்பவர் பக்கம். படித்த பிறகு பிடிக்க மனசு வரவில்லை, அதோடு மேலே சொன்ன மாதிரி செய்த பிறகு அந்த அளவுக்குச் செலவும் வருவதில்லை.

போன மாதம் இடது பக்க போர்ஷன் காலியானது, நாலு வருடம் இரண்டு மாதம் இருந்தார்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. ஹாலில் ஒரு சுவர், சமையலறையில் ஒரு சுவர், நடையில் கீழ்பாதி, இரண்டு ஆள் ஒன்றரை நாள் வேலை, பெயிண்ட்டோடு எட்டாயிரத்துக்குள் முடிந்தது. அட்வான்ஸை அப்படியே முழுசாகக் கவரில் போட்டுக் கொடுத்தேன். "பெயிண்ட்டுக்குப் பிடிக்கலையாண்ணே?" என்றார் குடியிருந்தவர். இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை போல, வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருக்க, படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.