ஊராட்சி பைபர்: ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்

"பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கவர்மென்ட் பைபர் வந்தாச்சு, ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா மோடம் ஃப்ரீ" என்று கிராமங்களில் பணம் வாங்குகிறார்கள். கட்டியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் சில வாரங்கள் வேகம் அருமையாக இருக்கும். பிறகு ஒரு மழையிலோ சாலை அகலப்படுத்தும் வேலையிலோ இணைப்பு நின்றுபோகும். கூப்பிட்டால் "மேலேருந்தே வரல சார், கவர்மென்ட் லைன்" என்பார்கள். ஒரு வாரம் மூன்று வாரமாகும், அப்புறம் போனையே எடுக்கமாட்டார்கள். கையில் இருப்பதோ யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு ஜிபே செய்த ஸ்கிரீன்ஷாட் மட்டும். அதில் நிறுவனத்தின் பெயரும் இருக்காது, எத்தனை மாதத்துக்கான பணம் என்ற விவரமும் இருக்காது.

பணம் கட்டும் முன், பாரத்நெட் என்ற இந்த அரசு வலையமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது அப்போதைய இலக்கு. ஒரு லட்சம் ஊராட்சிகளைக் கொண்ட முதல் கட்டம் முடியவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகள் இரண்டாம் கட்டத்தில், மாநில அரசே செய்துகொள்ளும் முறையில் வந்தன. அதற்கென்று உருவானதுதான் டான்ஃபிநெட். அதன் முதல் டெண்டரை 2020 ஜூனில் மத்திய அரசு ரத்துசெய்து மறு டெண்டர் விடச் சொன்னது. 2022இல் மத்தியில் இந்தத் திட்டத்தை நடத்திவந்த பிபிஎன்எல்லை பிஎஸ்என்எல்லோடு இணைக்க முடிவெடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்தப்பட்ட பாரத்நெட் வந்தது. இத்தனை கைமாறியதில் கேபிள் போட்டவர் ஒருவர், பெட்டி வைத்தவர் ஒருவர், பழுது பார்க்க வேண்டியவர் வேறொருவர் என்றாகிவிட்டது. உங்கள் ஊர் லைனுக்கு இன்று யார் பொறுப்பு, அந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதிவரை என்ற இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் ஓராண்டுப் பணம் கட்டக்கூடாது.

வடிவமைப்பிலும் சிக்கல் இருக்கிறது. முதல் கட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு நேர்கோட்டில்தான் கேபிள் போனது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருண்டுவிடும். வளையமாகப் போட்டிருந்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து வரும். திருத்தப்பட்ட திட்டம் வளைய அமைப்பைக் கேட்கிறது. பழைய முறை தாங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் ஊருக்கு இரண்டு பக்கமிருந்து கேபிள் வருகிறதா என்று கேளுங்கள். ஒரே பக்கம்தான் என்றால், வேறு இணைப்பு இல்லாமல் இதை மட்டும் நம்பி வீட்டிலிருந்து வேலை பார்ப்பதோ ஆன்லைன் தேர்வு எழுதுவதோ ஆபத்து.

தமிழ்நாட்டில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேல்தான் போகிறது. கம்பம் மாற்றும்போது அவிழ்த்துத் தொங்கவிட்டுப் போவார்கள். உயரமான லாரி இழுத்துக்கொண்டு போகும். சாலையோரம் குப்பைக்கு வைக்கும் தீ கீழே தொங்கும் கேபிளை உருக்கிவிடும். ஜாயின்ட் பாக்ஸின் சீல் சரியில்லை என்றால் முதல் பருவமழையிலேயே தண்ணீர் இறங்கும். காப்பர் கேபிள் என்று நினைத்து அறுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இதில் விற்கக்கூடிய உலோகம் எதுவும் இல்லை என்று மாவட்ட ஆட்சியர்களே செய்திக்குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

இதைவிட அதிகமாகப் படுத்துவது பேட்டரி. ஊராட்சி அலுவலகத்திலோ சேவை மையத்திலோ இருக்கும் ரேக்கில் ரூட்டரும் யூபிஎஸ்ஸும் இருக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி நன்றாகப் பராமரித்தாலே நான்கைந்து ஆண்டுதான் வரும். அடிக்கடி முழுவதும் காலியானால் அதற்கு முன்பே செத்துப்போகும். அதை மாற்றுவது யார் செலவு என்று எழுதி வைக்காத ஊரில் கரன்ட் போனால் நெட்டும் போகும். அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கமும் உண்டு. பணம் கட்டும் முன் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், ஏற்கெனவே இணைப்பு வாங்கிய வீட்டுக்குப் போங்கள். அந்த வீட்டு மோடத்தை இன்வெர்ட்டரிலோ 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸிலோ போட்டுவிட்டு, எவ்வளவு நேரம் நெட் நிற்கிறது என்று பாருங்கள். பத்தே நிமிடத்தில் போனால் ரேக் பேட்டரியோ ஆபரேட்டரின் பேட்டரியோ செத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று நான்கு மணி நேரம் தாங்கினால் அந்த ஊரில் யாரோ பராமரிக்கிறார்கள்.

"மேலேருந்து வரல" என்ற பதில் உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். வீட்டில் இருக்கும் ஓஎன்டி பெட்டியில் (பைபர் மோடம்) 'பான்', 'லாஸ்' என்று இரண்டு விளக்குகள் இருக்கும். லாஸ் சிவப்பாக மின்னினால் உங்கள் பெட்டிக்கு ஒளியே வரவில்லை. அறுந்தது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கும் உள்ளூர் ஆபரேட்டரின் ஓஎல்டிக்கும் (பல வீடுகளுக்கு ஒளியை அனுப்பும் அவருடைய பெட்டி) நடுவில்தான். அதைச் சரிசெய்வது அவர் பொறுப்பு, அரசு லைனைக் காரணம் காட்ட முடியாது. ஓஎல்டியே அணைந்திருந்தாலும் சிவப்பு வரும், ஆகவே பக்கத்து வீட்டுப் பெட்டியையும் பாருங்கள். பான் பச்சையாக நிலைத்து எரிந்தும் நெட் இல்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஓஎல்டிக்கு மேலே உண்மையிலேயே பழுது. அப்படியானால் அதே ஆபரேட்டரின் எல்லா வீடுகளிலும் நெட் இருக்காது. உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் அது அவர் செய்த கணக்கு முடக்கம் அல்லது அமைப்புக் கோளாறு. விளக்குகளைத் தேதி நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

விளக்கு பச்சையாக இருந்தும் விட்டுவிட்டு வந்தால் ஒளியின் அளவைக் கேளுங்கள். பிரவுசரில் திறக்கும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று காட்டும், டெக்னீஷியனின் பவர் மீட்டரிலும் தெரியும். வழக்கமான ஜிபான் (வீட்டு பைபரில் பரவலான ஒரு தொழில்நுட்பம்) பெட்டி மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) வரைதான் பிடிக்கும். ஓஎல்டி பிளஸ் 3இல் அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் 21 டெசிபெல் போகும், 5 கிலோமீட்டர் கேபிளுக்கு ஒன்றரை, ஜாயின்ட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் இன்னொரு ஒன்றரை. வீட்டில் மைனஸ் 21 வர வேண்டும். மைனஸ் 25, 26 காட்டினால் எங்கோ மோசமான ஸ்ப்ளைசிங் (இழைகளை ஒட்டும் வேலை), அழுக்கான கனெக்டர், கேபிளில் கூர்மையான மடிப்பு, அல்லது கணக்கில்லாமல் சேர்த்த ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. இன்று வேலை செய்யும், ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. இணைப்பு கொடுத்த அன்றே இந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்கிவிட்டால், பிறகு "உங்க வீட்டு வயரிங்தான் பிரச்சினை" என்று தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொரு ஏமாற்று, அரசு பைபர் என்று சொல்லிவிட்டு அதைத் தொடவே தொடாமல் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த மலிவு லைனை நூறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. இணைப்பு வந்ததும் ஸ்பீட் டெஸ்ட் செய்து பாருங்கள், சேவை நிறுவனத்தின் பெயர் திரையில் வரும். அதுவும் பில்லில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பில்லில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை என்றால் அந்தப் பணத்துக்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. வேகத்தை இரவு எட்டரை மணிவாக்கில் சோதியுங்கள். பகல் பதினோரு மணிக்கு எந்த லைனும் நன்றாகத்தான் ஓடும்.

"இலவச மோடம்" விஷயத்திலும் கவனம் வேண்டும். இபான் என்ற இன்னொரு தொழில்நுட்பத்தை மட்டும் பிடிக்கும் பெட்டி ஜிபான் லைனில் வேலை செய்யாது. சில பெட்டிகள் ஒரே ஆபரேட்டருக்கு என்று பூட்டப்பட்டிருக்கும். அவர் கடையைக் கட்டினால் உங்கள் பெட்டி வெறும் பிளாஸ்டிக். விலைக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டும் பிடிக்கும் எக்ஸ்பான் வகையாக, பூட்டு இல்லாததாகக் கேளுங்கள். டெபாசிட் என்றால் தொகையும் பெட்டியின் சீரியல் எண்ணும் திருப்பித் தரும் நிபந்தனையும் ரசீதில் இருக்க வேண்டும். கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள். தள்ளுபடி பெரிதாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம். பழைய இணைப்பை உடனே துண்டிக்காமல் இரண்டு பில் காலம் வைத்திருங்கள்.

இதைவிடப் பெரிய தொகை போவது 'ஊராட்சி ஃபிரான்சைஸ்' (ஊரில் இணைப்பு விற்கும் உரிமை) பெயரில். வேலை தேடும் இளைஞர்களிடம் "ஒரு பஞ்சாயத்துக்கு ஒரே ஆள்தான், இன்னைக்கே புக்கிங் அமவுன்ட் போடுங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள். ஊராட்சித் தலைவர் கடிதம் என்று ஒரு தாளும் காட்டுவார்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள், ஆகவே கடிதத்தின் தேதியைப் பாருங்கள். யார் தலைவராக இருந்தாலும் இந்த வலையமைப்பில் பங்குதாரரை நியமிக்கும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. அறிவிப்பு உண்மையானால் அது அரசுத் தளத்தில் இருக்கும், முகவரி 'டிஎன் டாட் கவ் டாட் இன்' அல்லது 'கவ் டாட் இன்' என்று முடியும். தனிநபர் யுபிஐக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் தொகையை முடக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான பங்குதாரர் ஒப்பந்தமே கிடைத்தாலும் கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். மேல் லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வார்கள், தவறினால் உங்களுக்கு என்ன ஈடு? கம்ப வாடகை யாருடையது? ஊராட்சி வரை ஒரு ஜிபி திறன் என்று சொல்வது கேபிளின் திறன். உங்களுக்கு விற்கும் பேண்ட்வித் எவ்வளவு, அதன் விலை எத்தனை மாதத்துக்கு மாறாது? உங்கள் ஒப்பந்தம் ஐந்தாண்டு என்று இருந்து, அவர்களுடைய பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டாண்டில் முடிவதாக இருந்தால், மிச்ச மூன்றாண்டு ஸ்ப்ளைசிங் மெஷினுக்கும் ஓஎல்டிக்கும் வாங்கிய கடனை நீங்கள் மட்டும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வாரம் லைன் நின்றால் போன வாடிக்கையாளர் திரும்புவதில்லை, அவர் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்.

பொதுப்பணத்தில் போட்ட இந்தக் கேபிள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் விரும்புகிறோம். தனியார் வராத ஊருக்கு இதைவிட்டால் வேறு கம்பிவழி இணைப்பு இல்லை. அதனால்தான் இதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்கள் மேல் கோபம் அதிகம் வருகிறது.

ஏற்கெனவே பணம் கட்டிச் சிக்கியவர்கள் போனில் சண்டை போடுவதோடு விடாதீர்கள். பில்லில் உள்ள உரிம நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீர்வு இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. புகாரில் "நெட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. கட்டிய தேதி, தொகை, எத்தனை மாதத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இணைப்பு இல்லை, அந்த நாட்களின் விளக்குப் போட்டோ, புகார் எண்கள், பயன்படுத்தாத மாதங்களுக்குத் திரும்பக் கேட்கும் தொகை ஆகியவற்றை இதே வரிசையில் எழுதுங்கள்.