அண்மைக் கோப்புகள்: தானாகச் சேரும் பட்டியலா, நாமே குத்தும் பின்னா?

சில மாதங்களாக ஒரு மொழிபெயர்ப்பு நூலின் பிரதியைத் திருத்தி வருகிறேன். ஒரு காலை கணினியைத் திறந்தபோது, விண்டோஸில் கோப்புகளைத் தேடித் திறக்கும் பைல் எக்ஸ்ப்ளோரரின் அண்மைக் கோப்புகள் பட்டியலில் அது இல்லை. முந்தைய மாலை மூலத்தோடு ஒப்பிடுவதற்காகத் திறந்து மூடிய ஸ்கேன் பக்கங்கள் பட்டியல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. தினமும் திறக்கும் கோப்பு காணாமல் போக, இனி ஒருபோதும் தேவைப்படாத படங்கள் முன்வரிசையில் நின்றன. அன்றே இந்தப் பட்டியலை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன்.

அடியோடு அணைத்துவிடுவது ஒரு வழி. விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில், பர்சனலைசேஷன் பிரிவின் ஸ்டார்ட் பக்கத்தில் இதற்கான சுவிட்ச் இருக்கிறது. பலர் புழங்கும் கணினிக்கு இதுவே சரி. ஆனால் அந்த ஒரு சுவிட்சே ஸ்டார்ட் மெனு, எக்ஸ்ப்ளோரர், டாஸ்க்பாரில் வலது கிளிக்கில் விரியும் ஜம்ப் லிஸ்ட் ஆகிய மூன்றுக்கும் பொது. ஒன்றை மறைக்கப் போய் மூன்றையும் இழக்க எனக்கு மனமில்லை.

தானாகச் சேரும் பட்டியலையே வைத்துக்கொண்டு, வேண்டாதவற்றை அவ்வப்போது நீக்குவது இன்னொரு வழி. இரண்டு வாரம் அப்படித்தான் செய்தேன். நீக்கிய கோப்பை மறுபடி திறந்தால் அதுவும் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது கடைசியாகத் திறக்கப்பட்டது என்பதுதான் இந்தப் பட்டியலுக்குத் தெரியும். எது முக்கியம் என்பது தெரியாது.

ஆகவே நான் தேர்ந்தது மூன்றாவது வழி: அந்தந்த மென்பொருளின் சொந்தப் பட்டியலில் பின் குத்தி வைப்பது. வேர்டின் திறக்கும் பக்கத்தில் கோப்பின் பெயருக்கு அருகே சுட்டியைக் கொண்டுபோனால் பின் குறி தெரியும். அதைச் சொடுக்கினால் போதும், பிறகு எத்தனை கோப்புகளைத் திறந்தாலும் அது நகராது. பின் குத்தாதவற்றை மட்டும் ஒரே கட்டளையில் துடைக்கவும் முடிகிறது. பட்டியலின் நீளத்தை ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் மாற்றலாம், உச்சவரம்பு 50. நான் 10 என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது.

இந்த வழிக்கும் பராமரிப்பு உண்டு, அதைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண். பின் குத்தியது கோப்பு இருக்கும் இடத்தையும் பெயரையும்தான். ‘திருத்தம் 2’, ‘திருத்தம் 3’ என்று பெயரை மாற்றிக்கொண்டே போகும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒருமுறை பின்னை நம்பித் திறந்து, பழைய படியில் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டேன். இப்போது வேலை நடக்கும் கோப்பின் பெயரை மாற்றுவதே இல்லை. தேதியிட்ட நகலைத்தான் வேறு கோப்புறையில் போட்டு வைக்கிறேன். பெயர் நிலையாக இருந்தால் பின்னும் நிலையாக இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பட்டியலைச் சீர்செய்ய நான் நேரம் செலவிட்டதே இல்லை.

மேக்கில் சில வாரங்களே வேலை செய்திருக்கிறேன். அங்கே ஆப்பிள் மெனுவின் அண்மைப் பட்டியலில் எத்தனை இருக்கலாம் என்று எண்ணிக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். லினக்ஸில் பலர் பயன்படுத்தும் நோம் (GNOME) என்ற திரைச் சூழலில் கோப்பு வரலாற்றை 1, 7, 30 நாள் அல்லது நிரந்தரம் என்று காலக்கணக்கில் வைக்கிறார்கள். நாள் கணக்கில் தானே உதிரும் பட்டியல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நெடுநாள் திட்டம் ஒன்றை அதில் நடத்திப் பார்க்கவில்லை என்பதால் பின்னோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரே கோப்பில் மாதக்கணக்கில் வேலை செய்பவர்கள் பின் குத்துங்கள். நாளுக்கொரு புதுக் கோப்பைக் கையாள்பவர்களுக்குத் தானியங்கிப் பட்டியலே போதும். அவர்களுக்குப் பின் குத்துவதும் எடுப்பதும் வீண் வேலை.