கல்லுக்காட்டு மண்ணில் அம்பு முனைகள்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

அம்பு முனை எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இலக்கைத் தவறிய அம்பு எங்கே போய் விழுகிறது?

நாங்கள் எய்து பழகுவது பர்கூர் பக்கம், மாந்தோப்பை ஒட்டிய ஒரு மேட்டு நிலத்தில். மேலே பார்த்தால் செம்மண், கொஞ்சம் தோண்டினால் கல். கிரானைட் பூமி. தவறிய அம்பு மண்ணில் சொருகி நிற்கும் என்றெல்லாம் இங்கே எதிர்பார்க்க முடியாது. ணங்கென்று கல்லில் மோதும். கீழே சொல்வதெல்லாம் அந்த மண்ணில் ரிகர்வ் வில்லோடு (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பல வருடம் பழகியதில் தெரிந்தது.

கல்லில் மோதிய அம்பில் எல்லோரும் முனையைத்தான் முதலில் பார்ப்பார்கள். முனை மழுங்கியிருந்தால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம், எடை ஒரு துளி குறையும், அவ்வளவுதான். உண்மையான சேதம் முனைக்குப் பின்னால், கார்பன் தண்டில் இருக்கும். மோதும் வேகத்தில் இன்சர்ட் (முனையை மாட்டத் தண்டின் வாய்க்குள் பொருத்தியிருக்கும் சிறு குழாய்) உள்ளே தள்ளப்பட்டு, தண்டின் வாயில் தலைமுடி அளவுக்கு நீளவாக்கில் ஒரு விரிசல் விடும். வெயிலில் திருப்பிப் பார்த்தாலும் சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. தண்டைக் காதருகே பிடித்து இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்த அம்பை அங்கேயே உடைத்துப் போட்டுவிட வேண்டும். விரிசல் விட்ட கார்பன், நாணை விடும்போது சிதறினால் வில் பிடித்த கையில்தான் ஏறும்.

அதனால் இந்த மண்ணுக்கு என் தேர்வு, திருகி மாட்டும் ஸ்டீல் முனை. அதோடு தண்டின் வாயைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் ஒரு சிறிய அலுமினிய வளையம். வளையம் போட்ட பிறகு எங்கள் அம்புகளில் வாய் பிளப்பது நன்றாகவே குறைந்தது. திருகு முனைகளில் பெரும்பாலும் 8-32 மரைதான் வரும் என்பதால் ஒரு கடையில் வாங்கியது இன்னொரு கடை இன்சர்ட்டிலும் ஏறும். ஒரே தொல்லை, இலக்குப் பலகையான ஃபோமிலிருந்து அம்பைப் பிடுங்கப் பிடுங்க மரை தளர்ந்துகொண்டே வரும். மரையில் கொஞ்சம் மெழுகு தடவிவிட்டு, ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் விரலால் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

பசையால் ஒட்டி மாட்டும் புல்லட் (துப்பாக்கிக் குண்டு வடிவ) முனை மோசம் என்று சொல்ல மாட்டேன். புல்தரை மைதானம் இருந்தால் அதுதான் எளிது, தளர்கிற தொல்லையும் கிடையாது. ஹாட் மெல்ட் பசையால் ஒட்டினால் பிறகு கழற்றி மாற்றவும் முடியும். ஆனால் சூடு காட்டுவது முனைக்கு மட்டும்தான். தண்டை நெருப்பில் காட்டினால் கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினே கெட்டுவிடும்.

எந்த வகை வாங்கினாலும் முனையின் விட்டம் தண்டைவிட ஒரு துளி பெரியதாகவோ சமமாகவோ இருக்கட்டும். முனை சிறுத்துத் தண்டு பருத்திருந்தால், தண்டின் விளிம்பு ஃபோமைக் கிழித்துக்கொண்டு போய் இறுகிவிடும். சித்திரை வெயிலில் சூடேறிய ஃபோம் ஏற்கனவே பசை மாதிரி பிடிக்கும். அப்போது தண்டின் முன்பக்கத்தில் காய்ந்த சோப்பைத் தேய்த்துக்கொண்டால் பிடுங்குவது சுலபம்.

இனி எடை. முனை எடையை கிரெயினில் சொல்வார்கள், 100 கிரெயின் என்றால் சுமார் 6.48 கிராம். ஒரே பாக்கெட்டில் வரும் முனைகளும் ஒரே எடையில் இருப்பதில்லை. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒத்துப்போகிறவற்றை ஒரு செட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் மேல் இருக்கும் எண்ணைவிட இந்த ஒற்றுமை எனக்கு முக்கியம்.

முதலில் 80 கிரெயினில் எய்துகொண்டிருந்தேன், பிறகு 100-க்கு மாறினேன். ஆடிக் காற்றில் அம்பு அலையாமல் நேராகப் போவது கண்ணுக்கே தெரிந்தது. பதிலுக்கு 50 மீட்டரில் அம்பு கீழே இறங்கியது, வில்லில் குறிபார்க்கும் சைட்டைத் திருத்த வேண்டி வந்தது. முன்பாரம் (அம்பின் எடை முன்பக்கம் சாய்ந்திருப்பது) கூடினால் தண்டு கூடுதலாக வளையும். இறகில்லாத அம்பை எய்து பார்த்தால், வலது கைக்காரருக்கு அது இறகுள்ள அம்புகளுக்கு வலப்பக்கம் போய் விழும். முனையை மாற்றினால் டியூனிங்கையும் (வில்லுக்கு அம்பு ஒத்துப்போகிறதா என்று சரிசெய்வதை) திரும்பப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

முன்பாரம் எவ்வளவு என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். அம்பின் பின்முனையில் நாணை மாட்டும் ‘நாக்’ பள்ளத்திலிருந்து தண்டின் வாய் வரை 72 செ.மீ., அம்பு விரலில் சமனாக நிற்கும் இடம் அதே பள்ளத்திலிருந்து 45 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நீளமான 36-ஐக் கழித்தால் 9. அதை 72-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். ரிகர்வ் அம்புக்கு நல்ல அளவு.

அப்புறம் பிராட்ஹெட், அதாவது பிளேடு வைத்த வேட்டை முனை. இந்த வட்டாரத்து நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு, வெளிநாட்டு வீடியோவில் பிளேடு வைத்த முனையைக் கண்டதும் ஆசை வந்துவிடுகிறது. “அண்ணா, அதுவும் 100 கிரெயின்தானே, நம்ம அம்புலயே மாட்டிப் பாக்கலாமா?” என்று ஒரு பையன் கேட்டான். “வேணாம்பா, எடை ஒண்ணா இருந்தா மட்டும் போதாது” என்றேன். பிளேடு காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும், அதே எடையுள்ள சாதாரண முனை விழும் இடத்தில் அது விழாது. ஃபோமையும் வெட்டிக் கூறு போட்டுவிடும். அதைத் தயாரிப்பதே வேட்டைக்கு, அமெரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் வாங்கி வேட்டைக்கு வில்லிலும் கிராஸ்போவிலும் (விசை வைத்த குறுக்கு வில்) பயன்படுத்துகிறார்கள். நமக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டுப்பன்றி பயிரை அழிக்கிற வேதனை எனக்கும் தெரியும், சொந்தக்காரர் நிலத்திலேயே பார்த்திருக்கிறேன். அதற்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். வில்லைத் தூக்கிக்கொண்டு போனால் குற்ற வழக்குதான் வரும், இந்த விளையாட்டுக்கும் கெட்ட பெயர் வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 100 கிரெயின் திருகு முனையில் ஒரு டஜன் வாங்கி, நான்கைந்தை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஸ்டீல் முனை சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத்தைத் துடைத்து ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள், மறுபடி எய்யப் போகும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.