வெலிரெக் மாத்திரை: கட்டி சுருங்குகிறது, கூடவே ரத்தமும் குறைகிறது

வி.எச்.எல். (வான் ஹிப்பெல்-லின்டாவ்) மரபணு பழுதான குடும்பங்களில் சிறுநீரகக் கட்டி ஒன்றோடு நிற்காது. இரண்டு பக்கமும் முளைக்கும், அறுத்தாலும் புதிதாக வரும். அதனால் பெரிய கட்டி 3 செ.மீ. தொடும்வரை ஸ்கேனில் கண்காணித்து, பிறகு கட்டியை மட்டும் அகற்றுவது வழக்கம். அந்தக் காத்திருப்புக் காலத்துக்கென 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மெர்க் நிறுவனத்தின் வெலிரெக். மருந்தின் பெயர் பெல்சுடிஃபான்.

ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் அபாயமணி அடிப்பது ஹிஃப்-2 ஆல்பா என்ற புரதம். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அதை அழிக்க வேண்டியது வி.எச்.எல். புரதம். அது இல்லாவிட்டால் மணி ஓயாது. ரத்தக்குழாய்கள் பெருகிக் கட்டி கொழுக்கும். வெலிரெக் ஹிஃப்-2 ஆல்பாவை அதன் ஜோடிப் புரதத்தோடு சேரவிடாது. 61 பேரிடம் நடந்த சோதனையில் 49 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் கட்டிகள் குறைந்தது 30 சதவீதம் சுருங்கின. நல்ல பலன்தான். ஆனால் கட்டி அடியோடு மறைவது அரிது.

அதே மணிதான் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினையும் சுரக்க வைக்கிறது. ஆகவே 90 சதவீதம் பேருக்கு ரத்தசோகை வந்ததில் வியப்பில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதன் மறுபக்கம் அது.

தினம் ஒருவேளை 40 மில்லிகிராம் மாத்திரை மூன்று. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். உடைக்காமல் விழுங்க வேண்டும். மறந்தால் அன்றைக்குள் போடலாம், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. வாந்தியில் வெளியேறினாலும் அன்று திரும்பப் போடக் கூடாது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனால் நிறுத்தி, 8-ஐ எட்டியபின் அதே அளவிலோ 80 மில்லிகிராமிலோ தொடர்வார்கள். இந்த நோயாளிகளுக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி பரிந்துரைக்கப்படுவதில்லை.

பலர் கோட்டை விடுவது ஆக்சிஜனில். இந்த மருந்து ரத்தத்தில் ஆக்சிஜனையும் குறைக்கலாம். உட்கார்ந்த நிலையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழ் காட்டினால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நடந்தபின்னும் அளந்து பாருங்கள், இறக்கம் அங்கே முதலில் தெரியலாம்.

மருந்துக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை: கருவைப் பாதிக்கும். ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் வீரியத்தை இது குறைத்துவிடும் என்பதால் ஆணுறை, காப்பர்-டி போன்றவைதான் கைகொடுக்கும்.

மரபணு அறிக்கையில் வி.எச்.எல். என்று இருக்கிறதா, எஃப்.எச். (பரம்பரைச் சிறுநீரகக் கட்டிக்குக் காரணமாகும் இன்னொரு மரபணு) என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எஃப்.எச். பழுதில் ஃபியூமரேட் என்ற வேதிப்பொருள் செல்லுக்குள் தேங்குவதுதான் சிக்கல். அந்தக் கட்டி சிறியதாக இருக்கும்போதே பரவும், அங்கே 3 செ.மீ. வரை யாரும் காத்திருப்பதில்லை. வெலிரெக்கும் அதற்கான மருந்தல்ல.