லூவர் அருங்காட்சியகத்தில் கைக்குழந்தையோடு: ஸ்ட்ரோலரா, கேரியரா?

பாரிசுக்குக் கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்கள் லூவரைப் பற்றி முதலில் கேட்பது இதைத்தான்: ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போவதா, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியரில் போவதா? உள்ளே ஸ்ட்ரோலருக்குத் தடை இல்லை. அதனாலேயே பலர் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் நீங்கள் உள்ளே எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். குழந்தையின் வயதெல்லாம் அதற்கு அப்புறம்.

காரணம் கட்டடம். 1190 வாக்கில் கோட்டையாகத் தொடங்கிய இடம் இது. பிறகு அரண்மனையாகி, ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக இடித்தும் நீட்டியும் கட்டி, கடைசியில் 1793இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதனால் தளங்கள் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லை. சமதளமாகப் போய்க்கொண்டிருக்கும் வழியில் திடீரென்று நாலைந்து படிகள் குறுக்கிடும். நடக்கிறவர் கவனிக்காமலே ஏறிவிடுவார். ஸ்ட்ரோலர் வைத்திருப்பவர் அங்கே நின்று, காவலரிடம் கேட்டு, லிஃப்டைத் தேடிச் சுற்றிவர வேண்டும். லிஃப்ட் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டிய இடத்தில் இருக்காது. மொத்தம் 403 கூடங்கள் உள்ள இடத்தில் இந்தச் சுற்று லேசான விஷயம் இல்லை.

நடுவிலிருக்கும் கண்ணாடிப் பிரமிடுக்கு அடியில் இறங்கினால் டெனான், சல்லி, ரிஷ்லியூ என்று மூன்று பகுதிகளுக்கு வழி பிரியும். கூட்டம் முக்கால்வாசி டெனானுக்குத்தான் போகும். மோனாலிசா அங்கேதான் இருக்கிறாள்.

டெனானுக்கு என் ஓட்டு கேரியருக்கே. முதலில் தாரூ படிக்கட்டு. அகலமான அந்தப் படிகளின் உச்சியில், கல்லால் ஆன கப்பல் முனையில், தலையும் கையும் இல்லாமல் இறக்கை விரித்து நிற்கிறாள் சாமோத்ரேஸ் வெற்றித் தேவதை. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறும்போது அவள் பெரிதாகிக்கொண்டே வருவதுதான் அந்தச் சிலையின் பாதி அழகு. லிஃப்டில் மேலே போனால் சிலையைப் பார்க்கலாம், அந்த ஏற்றம் கிடைக்காது.

அப்புறம் மோனாலிசா கூடம். 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், அவ்வளவுதான் படம். அதன் முன்னால் கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்ட வரிசை, தூக்கிப் பிடித்த செல்போன்கள். திருப்பதியில் ஜருகண்டி சொல்லித் தள்ளுகிற மாதிரிதான், கண்ணுக்குப் பட்டதும் நகர வேண்டும். அந்த நெரிசலில் ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது முழங்கால்களும் தொங்கும் பைகளும்தான். யாராவது திரும்பினால் அவர் பை அதன் முகத்தில் இடிக்கும். கேரியரில் இருந்தால் குழந்தை பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கும், காற்றும் வரும். எதிர்ச்சுவரில் வெரோனேசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ இருக்கிறது. 1563இல் முடித்த ஓவியம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு அதில் வண்ண வண்ண உடையும், நாயும், வாத்தியக்காரர்களும் தெரியும். அந்தக் கூடத்தில் லாபம் அடைவது குழந்தைதான் என்பேன்.

கேரியரின் குறைகளும் சின்னதில்லை. எட்டொன்பது கிலோ குழந்தையைக் கட்டிக்கொண்டு கல் தரையில் இரண்டு மணி நேரம் நடந்தால் இடுப்பு பேசும். டயப்பர் பையை முதுகில் மாட்டினால் கூட்டத்தில் அடுத்தவர் மேல் இடிக்கும், முன்னால் மாட்டலாம் என்றால் அங்கே குழந்தை. தூங்கிவிட்டால் கீழே இறக்கவும் முடியாது. கிளிப்பைக் கழற்றும் சத்தத்துக்கே கண் திறக்கிற குழந்தைகள் உண்டு. மலையேறுகிறவர்கள் மாட்டும், கம்பிச் சட்டம் வைத்த முதுகுக் கேரியரை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. நீங்கள் திரும்பும்போது பின்னால் குழந்தையின் தலை எதில் இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ரிஷ்லியூ பக்கம் கதை வேறு. பெரும்பாலும் கூட்டம் குறைவு, கூடங்கள் பெரியவை. இங்கே ஸ்ட்ரோலர் ஜெயிக்கும். மார்லி முற்றமும் பூஷே முற்றமும் கண்ணாடிக் கூரை போட்டவை. வெயில் நேராக இறங்கும், பளிங்குச் சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்து பால் கொடுக்கலாம். அதே பகுதியில் ஈராக்கின் கோர்சபாத்திலிருந்து வந்த, மனித முகமும் இறக்கையும் உள்ள காளைகள் இருக்கின்றன. நாலு மீட்டருக்கு மேல் உயரம், எண்ணிப் பார்த்தால் ஐந்து கால். பழைய பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக் கல்லும் பக்கத்திலேயே. மேல் தளத்தில் வெர்மீரின் ஓவியம் ‘லேஸ் பின்னுபவள்’, மோனாலிசாவைவிடச் சின்னது, வெறும் 24 செ.மீ. உயரம். அதன் முன்னால் தூங்கும் குழந்தையோடு நிதானமாக நிற்கலாம். இங்கே நகரும் படிக்கட்டுகள் கண்ணில் படும். ஸ்ட்ரோலரோடு அதில் ஏறாதீர்கள், லிஃப்டுக்கே போங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. லூவரே ஸ்ட்ரோலரை இலவசமாக இரவல் தருகிறது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இதன் அருமை உள்ளே அல்ல, வரும் வழியில் தெரியும். பாரிஸ் மெட்ரோ பழையது, பெரும்பாலான நிலையங்களில் படிகள்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் நம்மவர்களுக்கு அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ரயில் மேலே போகும், ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு நீங்களும் மேலே போக வேண்டும். கேரியரில் வந்து, உள்ளே இரவல் ஸ்ட்ரோலர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அது குழந்தைக்குப் பழகிய இருக்கை அல்ல, தூங்க அடம் பிடிக்கலாம். பச்சைக் குழந்தைக்கு இதை நம்பிப் போக வேண்டாம். சொந்த ஸ்ட்ரோலர்தான் வேண்டும் என்றால் பஸ்ஸில் வாருங்கள். தாழ்தளப் பஸ், நிறுத்த இடமும் உண்டு.

நேரத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. செவ்வாய் விடுமுறை. புதன், வெள்ளியில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மாலையில் கூட்டம் குறையும் என்று பலர் அதைச் சிபாரிசு செய்வார்கள். பெரியவர்களுக்குச் சரி. ஏழு மணிக்குச் சிணுங்கத் தொடங்கும் குழந்தைக்கு அது வேலைக்கு ஆகாது. காலை 9 மணிச் சீட்டை முன்பதிவு செய்து, நேராக டெனானுக்குப் போங்கள். குழந்தைக்குக் கட்டணம் இல்லை, 18 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் இலவசம்.

இரண்டு பெரியவர்கள் என்றால், மடக்கும் லேசான ஸ்ட்ரோலரும் அதன் கூடையில் கேரியருமாகக் கொண்டு போவதைத்தான் சொல்வேன். டெனானில் ஒருவர் குழந்தையைக் கட்டிக்கொள்ள, மற்றவர் மடக்கிய வண்டியைத் தூக்கலாம். ரிஷ்லியூவில் விரித்துப் படுக்க வைக்கலாம். தனியாகப் போகிறவருக்கு இந்த வித்தை நடக்காது. அவர் கேரியரோடு போய், பாலும் இரண்டு டயப்பரும் மட்டும் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கீழே லாக்கரில் வைத்துவிடட்டும்.