படகு காம்பஸைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள் (சேலம்)

சேலத்தில் பழைய கடிகாரம், பாரோமீட்டர் எல்லாம் பழுது பார்க்கும் ஒரு கடையில் பித்தளைப் படகு காம்பஸ் (திரவம் நிரப்பிய திசைகாட்டி) ஒன்றைக் கொடுத்தோம். இருந்த குறை உள்ளே ஒரு காற்றுக் குமிழி, அவ்வளவுதான். "திரவம் மாத்தி, கேஸ்கெட் புதுசா போட்டு, ஊசிமுனை தீட்டித் தர்றோம்" என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது குமிழி இல்லை. சில நாளிலேயே உள்ளே திரவம் மங்கி, இரண்டு அடுக்காகப் பிரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். பழைய காம்பஸ்களில் பலவற்றில், ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த திரவம் இருக்கும். பின்னால் வந்தவற்றில் மணம் நீக்கிய மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய் இருக்கும். இது முதல் வகை. பழையதை வடிக்காமலே மேலே மண்ணெண்ணெய் விட்டு ரொப்பியிருக்கிறார்கள். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. மண்ணெண்ணெய் இலேசானது; அதில் அட்டையை ஏந்தும் மிதவைக்குத் தாங்கல் குறையும், காந்தம் பொருத்தி திசை எழுதிய அந்த அட்டையின் பாரம் அதைத் தாங்கும் ஊசிமுனையில் இறங்கும், முனை சீக்கிரம் மழுங்கும். இயற்கை ரப்பர் கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் (திரவம் விரிய இடம் கொடுக்கும் சவ்வு) ஊறி உப்பிவிடும்.

எந்த வகை என்று அறிவது சுலபம். நிரப்பும் திருகைக் கழற்றி ஒரு சொட்டு எடுத்து, தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் விடுங்கள். கரைந்தால் ஆல்கஹால், மேலே படலமாக மிதந்தால் எண்ணெய். மூடி அக்ரிலிக் என்றால் தின்னரை அருகில் கொண்டுபோகவே விடாதீர்கள். மயிரிழை வெடிப்பு விழும், அது பாலிஷில் போகாது.

கேஸ்கெட்டும் மாற்றவில்லை. விளிம்பைச் சுற்றி சிலிகான் பூசியிருந்தார்கள், காடி வாடை அடித்தது. அந்த வகை சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், பித்தளையில் பச்சை பூக்கும். குமிழி வரக் காரணமே பெரும்பாலும் விறைத்துப்போன டயாஃப்ரம்தான். சித்திரை வெயிலில் திரவம் விரியும். டயாஃப்ரம் இடம் கொடுக்காவிட்டால் விளிம்பு வழியே கசியும். இரவில் சுருங்கும்போது காற்றை இழுக்கும். அதை மாற்றாமல் திரவம் மட்டும் ரொப்புவது வீண் செலவு.

அடுத்த கோளாறு, மூடியைப் பிடிக்கும் வளையத்தில் பித்தளைத் திருகுக்குப் பதில் இரும்புத் திருகு. அட்டை வடக்கிலிருந்து விலகுகிறதே என்று கேட்டால், "கஞ்சமலை இரும்புங்க, சேலத்துல அப்படித்தான்" என்றார் கடைக்காரர். கஞ்சமலையில் மாக்னடைட் இருப்பது உண்மை, மலையடியில் முள் விலகவும் செய்யும். ஆனால் இடத்தின் இரும்பால் வரும் விலகல், காம்பஸ் கிண்ணத்தைத் திருப்பினால் மாறாது. மர மேசையில், ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, கிண்ணத்தை 90 பாகை திருப்பி அட்டை நிற்கும்வரை காத்திருங்கள். அட்டை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் வேறு வேறு பக்கம் விலகினால் கிண்ணத்திலேயே இரும்பு இருக்கிறது. அடியில் விலகலைச் சரிசெய்யும் திருத்தக் காந்தங்கள் இருந்தால் முதலில் அவற்றை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதியுங்கள்.

ஊசிமுனை தீட்டினார்களா? கிண்ணத்தைத் திறந்ததற்கே அடையாளமில்லை. சிறு இரும்புத் துண்டால் அட்டையை 10 பாகை இழுத்துவிடுங்கள். பழைய இடத்துக்கு 1 பாகைக்குள் திரும்பாவிட்டால் முனையோ, அது தாங்கும் கல்லோ கெட்டிருக்கிறது. கொடுக்கும் முன் ஒருமுறை, வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை பாருங்கள்.

கழற்றிய திருகு, கேஸ்கெட், வடித்த திரவம் மூன்றையும் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எண்களில் இருட்டில் ஒளிரும் பழைய பெயின்ட் இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கிப்போயிருந்தாலும் யாரையும் சுரண்ட விடாதீர்கள்.